பெரிய எழுத்தில் உள்ள விடை

இல்லை. இல்லை. இல்லை. இதுவும் இல்லை. மூன்று மணிக்கு உட்கார்ந்தேன், அப்போதிருந்து இந்தக் கறுப்புத் திரை கேட்டுக்கொண்டே இருக்கிறது, நான் இல்லை என்று தட்டிக்கொண்டே இருக்கிறேன். இந்தச் சில்லை ஓட்டுகிற டிரைவர் நிரல் வேண்டுமா, அந்தக் கேமராவுக்கு ஆதரவு வேண்டுமா, எங்கோ விற்கிற டேப்லட்டின் தொடுதிரையைச் சேர்க்கவா. வேண்டாம். என் மெஷினில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு திருகையும் கழற்றிப் பார்த்தவன் நான். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிவயிறு, இரும்பும் எழுத்தும் அங்கேதான் சந்திக்கின்றன, அதை இன்னொருவன் சமைத்துக் கொடுத்து நான் தின்பதில்லை, புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மூல நிரலை இறக்கி நானே தொகுத்துக்கொள்கிறேன். தொகுப்பதற்கு முன்னால் அது விசாரிக்கும். போன தடவை நான் சொன்ன விடைகள் ஒரு கோப்பில் இருக்கின்றன, அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்கும். இன்றைக்கு நூற்றுக்கு மேல் இருக்கும். அதன் விசாரணைக்கு ஒரு முறை உண்டு. இல்லை என்றால் அந்தக் கதவை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். ஆம் என்றால் அதன் கீழிருந்து நாலு கேள்வி, ஐந்து கேள்வி கிளம்பும், அப்படியானால் இது வேண்டுமா, இதிலும் எந்த வகை. ஒன்றும் சொல்லாமல் எண்டரை மட்டும் தட்டினால் சும்மா விடாது. கேள்விக்குப் பக்கத்தில் ஆம், இல்லை இரண்டுக்குமான ஆங்கில எழுத்துகள் நிற்கும், எது பெரிய எழுத்தில் நிற்கிறதோ அதையே என் விடை என்று எழுதிக்கொள்ளும். அபூர்வமாகச் சில கேள்விகளுக்கு அப்படித் தயாராக ஒரு விடை இருக்காது. அங்கே எத்தனை முறை எண்டர் தட்டினாலும் அதே கேள்வி திரும்ப வரும், நீ வாயைத் திறக்கும்வரை வரும். ஐந்து மணிக்கு வசந்தாமணி வருகிறாள். மில்லில் என்னோடு இருந்த வெங்கிடுபதியின் மகள். நேரில் வந்து ஒன்று கேட்க வேண்டும் என்று போனில் சொன்னாள். ஒன்று. என்ன ஒன்று என்று நான் கேட்கவில்லை. இல்லை. இல்லை. இதுவும் இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதற்கப்புறம் என்னைப் படிக்கவைத்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், நடுவில் ஒற்றைப் பின், மில் வாசல் டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் கைமாறியவை. உழைப்பை எப்படித் திருடுகிறார்கள் என்பதைப் பதினாறு பக்கத்தில் கற்றேன், போலீஸ் பிடித்தால் என்ன செய்வது என்பதை எட்டுப் பக்கத்தில். கெட்டி அட்டைப் புத்தகம் படித்த தோழர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், ஒருவன் காலேஜ் நடத்துகிறான், ஒருவன் மனை விற்கிறான், பின் அடித்த காகிதம் படித்தவன் நான் மட்டும் எழுபத்தொரு வயதில் அதே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கட்டற்ற மென்பொருளும் எனக்குப் பிரசுரமாகத்தான் வந்தது. சங்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் உறுப்பினர் பட்டியல் ஒருநாள் திறக்க மறுத்தது, மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது, புதுப்பித்தால்தான் காட்டுவேன் என்றது. எங்கள் ஆட்களின் பெயர்கள், எங்கள் விரலால் தட்டியவை, எங்கள் மேஜையில் இருக்கிறவை, எவனோ பூட்டி வைத்திருந்தான். அந்த வாரமே காந்திபுரத்தில் இன்ஜினியரிங் படிக்கிற இரண்டு பேர் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நின்ற இடத்திலேயே படித்து முடித்தேன். மூலத்தைப் படிக்க உரிமை, மாற்ற உரிமை, பகிர உரிமை. மில் வாசலில் முப்பது வருடம் கத்தியதை யாரோ வேறு உடுப்பில் அனுப்பி வைத்தது போல இருந்தது. அன்றிலிருந்து மூலம் இல்லாத எதுவும் என் மெஷினில் ஓடக்கூடாது. கெர்னலுக்குள்ளேயே கம்பெனிகள் செருகி வைத்த வெறும் எண் குவியல்கள் உண்டு, அவை என்ன செய்கின்றன என்று செய்தவனைத் தவிர யாருக்கும் தெரியாது, அவற்றை வெட்டி எறிந்த பதிப்பைத்தான் எடுக்கிறேன். வெட்டினால் வைஃபை வேலை செய்யாது. செய்ய வேண்டாம். சுவரிலிருந்து மேஜைக்கு நீலக் கேபிள் இழுத்திருக்கிறேன். போன மாதம் வசந்தாமணி அதைப் பார்த்துவிட்டு, மாட்டைக் கட்டிப்போட்ட மாதிரி கம்ப்யூட்டரைக் கட்டிப்போட்டிருக்கிறீர்களே மாமா என்று சிரித்தாள். ஓடிவிடாமல் இருக்கத்தான் அம்மிணி என்றேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க முடியாத எதையும் நம்பாதே என்று அவளுக்கு ஒரு சொற்பொழிவும் கொடுத்தேன். தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிக நேரம் பார்த்தாள். இப்போதுதான் அது உறைக்கிறது.

மாடிப்படியில் காலடி. கனமான காலடி, படிக்கு ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி, இரும்பு எதன் மேலோ உரசி. நான் வாசலைப் பார்க்கிறேன், விரல் எண்டர் மேல் இருக்கிறது. நாற்பத்தேழு வருடமாக மாடிப்படியில் யார் ஏறினாலும் முதலில் பூட்ஸா செருப்பா என்றுதான் காது பார்க்கிறது, என் மனைவி உயிரோடு இருந்தபோது இதற்காகத் தலையில் அடித்துக்கொள்வாள். செருப்பு. மேல் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர். நாலு மணிகூட ஆகவில்லை, வசந்தாமணி ஐந்து என்றால் ஐந்துக்கு வருவாள், கணக்கு டீச்சர். திரும்பிப் பார்த்தால் திரையில் வேறு கேள்வி நிற்கிறது. நான் படித்துக்கொண்டிருந்தது இது இல்லை. விரல் அழுந்திவிட்டது. ஒரு கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை, எனக்காக அது சொல்லிக்கொண்டது. எதை என்று மேலே உருட்டிப் பார்க்கலாம், ஒரு நொடி வேலை. பார்க்கவில்லை. மிச்சக் கேள்விகளை இல்லை, இல்லை என்று முடித்து, தொகு என்று கட்டளை கொடுத்துவிட்டேன். ஏன் பார்க்கவில்லை. விசிறி வேகம் எடுக்கிறது, மெஷினின் அடிப்பக்கம் சுடத் தொடங்குகிறது, ஜன்னலுக்கு வெளியே மேற்கே பாலக்காட்டுப் பக்கம் வானம் ஈயத் தகடாகக் கிடக்கிறது, காற்று நின்றுவிட்டது. மழை வந்தால் கரண்ட் போகும். பேட்டரி பழசு, பத்து நிமிடம் தாங்காது. தொகுப்பு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதியில் அணைந்தால் பாதி கெர்னல்.

வரிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பு, மனிதன் எழுதிய எழுத்து மெஷினுக்கான எழுத்தாக மாறுகிறது. எத்தனையோ ஆயிரம் கோப்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியவன் பெயர் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், ஆனால் அந்தப் பெயரை அழிக்கக் கூடாது என்று கூடவே எழுதியிருக்கும். இந்த இயக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த சட்டம் அதுதான். சங்கத்தில் அப்படிக் கிடையாது. சங்கத்து நோட்டீசில் பெயர் போடக் கூடாது, அது ஒழுங்கு, கீழே தொழிலாளி ஒருவர் என்றுதான் இருக்கும். எழுபத்தெட்டில் ஸ்டிரைக் நடந்தபோது வந்த நோட்டீசிலும் அப்படித்தான் இருந்தது. மூன்று ஷிப்ட்டில் பஞ்சு நம் கையில் இருக்கிறது, நாலாவது ஷிப்ட்டில் நாம் தூங்கும்போது அது நம் நுரையீரலில் வேலை பார்க்கிறது, அந்த ஷிப்ட்டுக்குக் கூலி எங்கே. இருபத்து நாலு வயதில் எழுதினேன். நான் எழுதினேன். பஞ்சு சீவுகிற கார்டிங் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டே மனதில் எழுதி, கக்கூசுக்குள் நின்று பீடி அட்டையில் குறித்து, மூன்று நாள் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்து எழுதினேன். அதற்குப் பிறகு நூறு நோட்டீஸ் எழுதியிருப்பேன், அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை, எனக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் வெங்கிடுபதி செத்தபோது இடுகாட்டில் அதைப் படித்தார்கள். எங்கள் தோழர் எழுதிய எழுத்து என்று சொல்லிப் படித்தார்கள். பெண்கள் அழுதார்கள். நான் பாடைக்கு வலது பக்கம் நின்றிருந்தேன். தலை குனிந்து நின்றிருந்தேன், எல்லாரும் துக்கம் என்று நினைத்தார்கள். என் வரி, அவர் பிணம். இப்போது சங்கத்தின் ஐம்பதாண்டு மலர் வரப்போகிறது, பழைய நோட்டீசுகளைத் தொகுக்கிறவள் வசந்தாமணி, இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் எழுதியவர் பெயர் போடுகிறார்களாம். பெயர் போட வேண்டும் என்று பத்து வருடமாகச் சண்டை போட்டதே நான்தான். அவனவன் எழுத்துக்கு அவனவன் பெயர் என்று கமிட்டியில் மேஜையைத் தட்டினேன். என் பிரசுரம் ஒன்றைப் பெயரில்லாமல் மறு அச்சுப் போட்டவனை மேடையிலேயே கிழித்தேன். கிழவனுக்குப் பெயராசை என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லட்டும். சொல்லட்டும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன், இன்றைக்கு அது கழுத்தில் கயிறாக விழுந்து கிடக்கிறது. நான் எழுதியது என்று ஐந்து மணிக்குச் சொன்னால் என்ன நினைப்பாள். செத்துப்போன மனிதனின் ஒரே சொத்தையும் பிடுங்க வருகிறான் என்று நினைப்பாள். இல்லை என்று நிரூபித்துக்காட்ட என்னிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சிதான், அவரே ஒருநாள் என்னிடம் சொன்ன ஒரு சொல், அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

அடிப்பார்கள் என்றுதான் அந்த எட்டுப் பக்கப் பிரசுரத்தில் இருந்தது. ராத்திரி கூப்பிடுவார்கள், நகத்தில் ஊசி ஏற்றுவார்கள், நீ உடைந்துவிடுவாய் என்று உனக்குத் தோன்றும்போது இன்னும் பத்து நிமிடம் பொறு. எல்லாம் இருந்தது. ஸ்டிரைக்கின்போது என்னைப் பிடித்தவர்கள் பகல் பதினொரு மணிக்கு, ஜன்னல் திறந்திருந்த அறையில், நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள். அதற்கு எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை. ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டேன், எந்தப் பெயரைக் கேட்டாலும் தெரியாது என்று சொல், பெற்றவள் பெயரானாலும் தெரியாது என்று சொல், எல்லாவற்றுக்கும் தெரியாது என்றுவிட்டு ஒரு பெயருக்கு மட்டும் மௌனமாக இருந்தாயானால் அந்த மௌனமே காட்டிக்கொடுக்கும். இன்ஸ்பெக்டர் பட்டியலைப் படித்தார், இருபத்து மூன்று பெயர், இருபத்து மூன்று தெரியாது. என் தம்பி பெயரும் இருந்தது, தெரியாது. அவருக்குக் கோபமே வரவில்லை. பட்டியலை மடித்து வைத்துவிட்டு அந்த நோட்டீசை எடுத்தார். படித்தார். அந்த ஆள் நன்றாகப் படித்தார், அதுதான், எங்கள் மீட்டிங்கில் எவனும் அப்படிப் படித்ததில்லை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நாலாவது ஷிப்ட் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டு. வெளியே ஒரு கான்ஸ்டபிள் கேட்டுக்கொண்டு நின்றான். "எட்டாவது படிச்சவன் எழுதற எழுத்தாடா இது? வெங்கிடுபதி எழுதினதுதான?" நான் ஒன்றும் சொல்லவில்லை. பயம் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயந்தவனை மன்னிக்கலாம், பயத்தைப் பற்றிப் பிரசுரங்களில் பத்தி பத்தியாக இருக்கிறது. பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரியாது என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, இருபத்து மூன்று தடவை சொல்லிச் சொல்லி அது தானாகவே வந்துவிடும் நிலையில் இருந்தது, நான்தான் அதைப் பிடித்து வைத்தேன். அவர் அடுத்த வரியையும் படிப்பார் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான். அடுத்த வரி முதல் வரியைவிட நல்ல வரி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதை அந்தக் குரலில் கேட்க ஆசைப்பட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நோட்டீசைக் கீழே வைத்தார், பேனாவைத் திறந்தார், எழுதினார். அடுத்த வரியைப் படிக்கவே இல்லை. நான் டீயைக் குடித்து முடித்தேன். சாயங்காலம் என்னை விட்டுவிட்டார்கள். விடியும்போது வெங்கிடுபதியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பதினெட்டு மாதம் உள்ளே இருந்தார். வலது காது போய்விட்டது, வேலை போய்விட்டது, மில் கேட்டுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற வேலை கிடைத்தது, சாகும்வரை அதுதான். மூன்றாவது ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் அவரிடம் பேசுவதற்கு இடது பக்கமாகச் சுற்றி வருவார்கள். நானும் சுற்றி வருவேன். சில நாள் வேண்டுமென்றே வலது பக்கம் நின்று, உதடு அசையாமல், அண்ணா நான்தான் என்று சொல்லியிருக்கிறேன். அவர் டோக்கன் கிழித்துக்கொண்டிருப்பார். ஜெயிலிலிருந்து வந்த அன்று நான் பார்க்கப் போனபோது காதில் பஞ்சு வைத்திருந்தார், மில் பஞ்சு. வசந்தாமணி நாலு வயசு, அவர் மடியில் உட்கார்ந்து அந்தப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்து, "நாலாவது ஷிப்ட்டுனு போட்டியே, நல்லா இருந்துச்சு மருதாசலம்" என்றார். அது மட்டும்தான். நாற்பது வருடத்தில் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. போட்டியே என்றார், அப்படியானால் எழுதியது யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் போலீசிடம் சொல்லவில்லை. ஏன் தன்னைப் பிடித்தார்கள் என்பது தெரியுமா. உன் ஆளே ஒத்துக்கொண்டான் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருப்பாரா. சொல்வார்கள், அது அவர்கள் வழக்கம், அதுவும் எட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அல்லது சொல்லவில்லையா. நல்லா இருந்துச்சு என்பதைப் பாராட்டாகச் சொன்னாரா, இதற்காகத்தானே பேசாமல் இருந்தாய், இந்தா வாங்கிக்கொள் என்று சொன்னாரா. அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. மகளிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார். கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் அவள்தான் கூட இருந்தாள், இடது காதோடு வாய் வைத்துப் பேசிக்கொண்டிருப்பாள், நான் உள்ளே போனால் இருவரும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினார்களா. வியாதிக்காரரைப் பார்க்க யார் வந்தாலும் பேச்சை நிறுத்தத்தானே செய்வார்கள்.

நாலே முக்கால். இருட்டிக்கொண்டு வருகிறது, லைட் போடவில்லை, திரை வெளிச்சம் போதும். கேபிள் நீலமாகத் தெரியவில்லை, கறுப்பாகத் தெரிகிறது. வரிகள் இன்னும் ஓடுகின்றன. இன்னொரு ஜன்னலைத் திறந்து பழைய விடைக் கோப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன், நூறு இல்லைக்கு நடுவில் ஒரே ஒரு ஆம். என் மெஷினில் இல்லாத ஏதோ ஒரு ஒலிச் சில்லுக்கான டிரைவர். ஒரு கெடுதலும் இல்லை, மூலம் இருக்கிறது, படிக்கலாம், எழுதியவன் பெயர்கூட இருக்கிறது. உள்ளே ஒரு மூலையில் யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடக்கும். இதற்கா ஒரு மணி நேரம் பார்க்கப் பயந்தேன். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொகுக்கலாம், கை கட்டளை வரைக்கும் போகிறது, திரும்பி வருகிறது. தொகுக்கிற கருவி கட்டற்றது, எழுதுகிற கருவி கட்டற்றது, திரையில் தெரிகிற எழுத்துருகூட நம் ஆள் ஒருவன் செய்து ஊருக்குக் கொடுத்தது, இந்த அறையில் மூலத்தைக் காட்டாமல் ஓடுவது என்னைத் தவிர எதுவும் இல்லை. இது நோட்டீசுக்கு நல்ல வரி என்று உடனே தோன்றுகிறது. இதுதான் நான். இப்போதுகூட வரி நன்றாக வந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். படியில் காலடி. லேசான காலடி, நிற்காத காலடி, செருப்பு.

கதவு திறந்துதான் இருந்தது. ஏன் மாமா இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று லைட்டைப் போட்டாள், அடுப்படிக்குப் போய் அவளே தண்ணீர் எடுத்துக் குடித்தாள், மழைக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று பஸ்ஸை விட்டு ஆட்டோவில் வந்ததாகச் சொன்னாள். ஐம்பது வயசு, நெற்றிப் பக்கம் நரை, அப்பாவின் மூக்கு. கம்ப்யூட்டர் ஏன் இப்படி இரைகிறது என்றாள். வேலை செய்கிறது என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள், பையிலிருந்து மலரின் அச்சுப் பிரதியை எடுத்தாள், பக்கம் புரட்டினாள். அந்த நோட்டீஸ். சுத்தமாக, புது எழுத்தில், கீழே ஓர் இடம் காலியாக விட்டு. பேனாவைத் திறந்தாள்.

"இது அப்பா எழுதினதுதானுங்களே மாமா?"

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மூச்சு நேரம். அவள் தலை குனிவாள், அவர் பெயரை எழுதுவாள், மலர் அச்சாகும், நானும் ஒருநாள் செத்துப்போவேன், எல்லாம் மூடிக்கொள்ளும். அந்தக் கேள்வியிலேயே பெரிய எழுத்து இருந்தது. பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

"எழுதாதே அம்மிணி. அது நான் எழுதினது."

அவள் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. சரி என்றுகூடச் சொல்லாமல், ஒரு புள்ளியாக நின்ற பேனாவை நகர்த்தி, என் பெயரை எழுதினாள். மருதாசலம். நான் அவள் பக்கமாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு எழுத்தும் விழ விழ எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். அந்த ஆறு எழுத்து எழுதி முடிகிற நேரம்வரை எனக்குச் சந்தோஷமாக மட்டுமே இருந்தது. அவள் பேனாவை மூடவில்லை. பிரதியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள், வெள்ளைப் பக்கமாகப் பார்த்துப் பிரித்தாள், மேலே தேதி போட்டாள். போனில் சொன்ன அந்த ஒன்று இன்னும் கேட்கப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அப்பறம் எதுக்குங்க மாமா அப்பாவைப் புடிச்சுட்டுப் போனாங்க?"

மெஷினின் இரைச்சல் குறைந்தது. கடைசி வரி ஓடி நின்றது, தொகுப்பு முடிந்துவிட்டது, விசிறி இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு அதுவும் நின்றது. மழை இன்னும் தொடங்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன். இரண்டு மூச்சு. மூன்று. அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அதே குரலில், அதே சொற்களில், அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.